துறையும் முறையும்

‘துறை’ என்னும் சொல்லும் ‘முறை’ என்னும் சொல்லும் ஓசையால் மட்டுமே உறவுடையன என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். நீராடும் இடம் துறை. தோணி வந்து அணையும் இடமும் துறை. முறை என்பதோ பல பொருள் தரும் ஒரு சொல். வரிசையில் ஒருவனுக்கு உரிய தருணம் முறை. மாமன், மைத்துனன் என்று அழைக்கும் உறவும் முறை. ஆள்வோன் வழங்கும் நீதியும் முறையே. இவ்விரு சொற்களும் பொருளாலும் பிரிக்கவொண்ணாதவை என்பதைக் கடலூர் முதுநகரில் ஒரு நாளைக் கழித்தபோது கற்றுக்கொண்டோம். அந்நாளில் கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சென்ற ஆண்டுத் தை மாதத்தில், நம் பங்கின் இளையோரைப் பிச்சாவரத்துக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தோம். அவர்கள் காலையில் பேருந்தில் வருவதாக ஏற்பாடு. நாமோ முந்திய இரவே புகைவண்டியில் முதுநகர் சேர்ந்து, நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினோம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதையில், திருப்பாதிரிப்புலியூரைக் கடந்ததும் வருகிற ‘கடலூர் துறைமுகம் சந்திப்பு’ என்ற நிலையமே முதுநகருக்கு உரியது. ஊரார் நாவில் அது இன்றும் ‘ஓ.டி.’ தான்.

பழைமை வாய்ந்த துறை இது. கெடிலமும் உப்பனாறும் கூடிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நம்பிப் பிழைத்த ஊர். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் இதற்கு வடக்கே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழுந்த இடம் வரை தங்களுக்குச் சொந்தம் என்று எல்லை வகுத்தனர். அவ்வாறு அகப்பட்ட சிற்றூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வழங்கிற்று. வலியவன் குண்டு எட்டும் தூரமே அவனுடைய எல்லை என்னும் அந்த வழக்கை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

விடியுமுன் எழுந்து உப்பனாற்றங்கரைக்குச் சென்றோம். பனி இன்னும் நீங்கவில்லை. விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இரண்டு மூன்று வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் இடுக்கில் ஃபைபர் படகுகள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன. பனிக்கட்டி உடைக்கும் ஓசை, ஏலம் கூறுவோரின் குரல், டீசல் புகை, மீன் வாடை ஆகிய யாவும் ஒருங்கே நம்மை எதிர்கொண்டன. கூடை சுமந்த பெண்மணிகள் கால் வைக்க இடமின்றி, ஒரு படகின் விளிம்பிலிருந்து மறு படகின் விளிம்புக்குத் தாவிச் சென்றார்கள்.

அப்போதுதான் அந்தச் சண்டை மூண்டது. மீனை இறக்கி முடித்த விசைப்படகு ஒன்று இடத்தை விட்டு அகலாமல் நின்றது. அதன் உரிமையாளர் தேநீர்க் கடைக்குச் சென்றிருந்தார். மீன் நிரம்பிய ஃபைபர் படகொன்று உள்ளே வர வழியின்றி வெளியே காத்துக் கிடந்தது. பொறுமையிழந்த இளைஞர் ஒருவர், நீரில் குதித்து நீந்தி வந்து, கரையிலிருந்த கட்டுத்தறியில் தம் படகின் கயிற்றை மாட்டிவிட்டார். விசைப்படகின் கயிற்றுக்கு மேலாக அதை மாட்டியதுதான் வினையாயிற்று. உரிமையாளர் திரும்பி வந்து பார்த்தார். மேலே கிடந்த கயிற்றைத் தூக்கி எறியக் கை ஓங்கினார்.

“என்ன மாமா, துறையை விலைக்கு வாங்கிட்டியா?” என்றார் இளைஞர்.

“மரியாதையாப் பேசுடா! யார் கயித்து மேல யார் கயித்தைப் போடறது?”

வார்த்தை தடித்தது. இருபுறமும் ஆள் சேர்ந்தது. ஒருவர் கையில் துடுப்பு உயர்ந்தது. நல்லவேளையாக மூதாட்டி ஒருவர், தலைக் கூடையை இறக்காமலே இருவருக்கும் நடுவில் புகுந்து நின்று, “மீன் கெட்டுப் போவுது, வழி விடுங்கடா” என்று அதட்டினார். சண்டை ஓய்ந்தது, சினம் ஓயவில்லை. வாய்ச்சண்டையின் உச்சத்திலும் அவ்விளைஞர் ‘மாமா’ என்னும் முறையைக் கைவிடவில்லை என்பதைக் கவனித்தோம்.

நம் அருகே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “ஒரு கயித்துக்காகத்தான் சாமி இத்தனையும்” என்று சிரித்தார். நாம் அவரருகே அமர்ந்து, அதென்ன கயிற்று வழக்கு என்று கேட்டோம். அவர் ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துச் செய்து காட்டினார். தறியில் முன்பே ஒருவனுடைய வளையம் கிடந்தால், பின்னால் வருபவன் தன் வளையத்தை அதன் மேல் போடலாகாது. முன்னவனுடைய வளையத்துக்குள் தன் வளையத்தைக் கீழிருந்து மேலாக நுழைத்து, அதன் பிறகே தறியில் மாட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் இருவரில் யார் முதலில் புறப்பட்டாலும், மற்றவன் கயிற்றைத் தொடாமலே தன்னுடையதைக் கழற்றிக்கொள்ளலாம். உலகெங்கும் கப்பலோட்டிகள் கைக்கொள்ளும் பழக்கம் இது என்று பின்னர் அறிந்தோம். எவ்வளவு சிறிய செயல்! ஒரு நொடிதான் அதற்கு மிகையாகத் தேவை. ஆனால் எனக்குப் பின் நீயும், உனக்குப் பின் நானும் இடையூறின்றிப் புறப்பட வேண்டும் என்னும் எண்ணம் முழுவதும் அந்த ஒரு நொடியில் அடங்கியிருக்கிறது.

பெரியவர் மேலும் சில சொன்னார். முகத்துவாரத்தில் சுமையோடு உள்ளே வரும் படகுக்கு, வெறுமையாக வெளியே செல்லும் படகு வழிவிட வேண்டும். அலையை முதுகில் வாங்கி வரும் படகு நினைத்த இடத்தில் நிற்கவோ திரும்பவோ இயலாது. கட்டப்பட்ட படகுகளை நெருங்கும்போது இயந்திர வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் எழும் அலையில் படகுகள் மோதி, நடுவில் கை வைத்திருப்பவனின் விரல் போய்விடும். மீன் இறக்கியவன் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் வலையை உதற வேண்டும். பிறன் படகின் மேல் ஏறிச் செல்லும்போது அவன் வலையை மிதிக்கலாகாது. “எழுதி வெச்ச சட்டம் இல்ல சாமி. அப்பா அடிச்சுச் சொல்லிக் குடுத்தது” என்றார்.

“அப்படியானால் இன்று ஏன் இத்தனை பூசல், ஐயா?” என்று கேட்டோம்.

அவர் கூறியதையும் நாம் முன்பே அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். முற்காலத்தில் கட்டுமரமே பெரும்பான்மை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தூக்கி மணலில் போட்டுவிடலாம். துறையில் இட நெருக்கடி இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் முதலிய ஊர்கள் அன்று இழந்தவற்றை நாம் இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. அதன் பின்னர் அரசும் தொண்டு அமைப்புகளும் நல்லெண்ணத்தோடு படகுகளை வழங்கின. இழந்தது கட்டுமரம், கிடைத்தது பெரும்பாலும் ஃபைபர் படகு. தமிழகக் கரையின் பல ஊர்களில் முன்பிருந்ததைவிட மிகுதியான படகுகள் சேர்ந்துவிட்டன. படகு பெருகிற்று, துறை பெருகவில்லை. ஃபைபர் படகையோ கட்டுமரம் போல் அவிழ்த்து அடுக்க இயலாது.

துறையில் நிகழும் பூசலுக்கு வேர் கடலிலும் உண்டு. இழுவை வலை பூட்டிய விசைப்படகுகள் பெருகியபோது, கரையோரத்தில் கட்டுமரத்தில் சென்றோரின் வலைகள் அறுபட்டன. 1970களில் தமிழகக் கரையெங்கும் இதனால் மோதல்கள் நிகழ்ந்தன. அவற்றின் விளைவாகவே 1983ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரை, விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று அது அன்று விதித்தது. அப்பகுதி சிறு தொழிலாளருக்கு உரியது. காலை 5 மணிக்கு முன் புறப்படலாகாது என்றிருந்தது. இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டியிருந்தது. பின்னர் 2001 முதல் ஆண்டுதோறும் மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் தடையும் வந்தது. தொடக்கத்தில் 45 நாளாக இருந்த அது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாளாக நீண்டது.

குண்டு கிராமங்களை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? பழைய ஐரோப்பியச் சட்ட அறிஞர்கள், கரையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவே ஒரு நாட்டின் கடலெல்லை என்றனர். அதுவே நாளடைவில் 3 மைல் என்று வழங்கலாயிற்று. வலியவன் எல்லையைக் குறிக்கத் தோன்றிய அளவு அது. அதே 3 மைலை நம் மாநிலச் சட்டம் அன்று எளியவனுக்கு வேலியாக நட்டது. இவ்வேறுபாட்டை எண்ணி மகிழ்ந்தோம். ஆயினும் வேலி நட்டால் மட்டும் போதாதே!

சுருக்குமடி வலையைப் பற்றி இக்கரையில் யாரிடம் பேசினாலும் குரல் உயர்ந்துவிடுகிறது. பெரிய மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி, முழுவதையும் அள்ளிவிடும் வலை அது. 2000ஆம் ஆண்டில் மாநில அரசு அதைத் தடை செய்தது. அதற்கென்று கடன் வாங்கி முதலிட்டோர் தம் பிழைப்பு போயிற்று என்கின்றனர். சிறு வலைஞர் தம் பங்கு மீனெல்லாம் போயிற்று என்கின்றனர். 2018ஆம் ஆண்டில் இக்கடலூர்க் கரையிலேயே, அவ்வலையை முன்னிட்டு இரு மீனவ ஊர்களுக்கிடையே எழுந்த மோதலில் ஓர் உயிர் பறிபோயிற்று. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணையாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாளில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளோடு அவ்வலையைப் பயன்படுத்த இசைந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. கொண்டான் கொடுத்தான் உறவுடைய ஊர்களுக்கிடையே குருதி சிந்தியதை எண்ணித்தான் நெஞ்சம் கனக்கிறது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கையில், பிறரைக் குறை காணும் தகுதி நமக்கு உண்டா என்னும் கேள்வி உள்ளே எழுந்தது. காரணம் உண்டு. நாம் இளங்குருவாயிருந்த காலத்தில், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இதே ஆற்றைப் படகில் கடக்க நேர்ந்தது. அக்கரையில் ஒரு வீட்டில் நமக்கு விருந்து. துறையில் கூட்டம். நம் வெள்ளை அங்கியைக் கண்ட படகுக்காரர், “சாமிக்கு வழி விடுங்க” என்று குரல் கொடுத்தார். முன்னே நின்ற பெண்மணி ஒருவர், மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலையில் சுமந்தவாறே, பின்னோக்கி நகர்ந்து இடம் தந்தார். நாம் ஏறி அமர்ந்தோம். படகு நிறைந்துவிட்டது, அவருக்கு இடமில்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். அடுத்த படகு வருவதற்குள் சந்தை நேரம் கடந்திருக்கும். அவர் மீனுக்கு நேரம் உண்டு; நம் விருந்துக்கு இல்லை. நடு ஆற்றில்தான் இது நமக்கு உறைத்தது. திரும்பச் சொல்லத் துணிவு வரவில்லை. அப்பெண்மணியிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இன்றளவும் கேட்டோமில்லை.

ஒன்பது மணிக்கு இளையோரின் பேருந்து வந்தது. சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் சேர்ந்தோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, உப்பங்கழிகளின் வலைப்பின்னலில் வளர்ந்து நிற்கும் அலையாத்திக் காடு அது. தில்லை நகருக்குப் பெயர் தந்த தில்லை மரமும் இவ்வுப்பு நிலத்துக்கு உரியதே. 2022இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக இக்காடு அறிவிக்கப்பட்டது. ‘இதயக்கனி’ திரைப்படம் 1975இல் இக்காட்டை நாடறியச் செய்தது.

இங்கும் ஒரு துறை. இங்கும் ஒரு வரிசை. ஆனால் இங்கே பிழைப்புக்காக அன்றி இன்பத்துக்காகப் படகேறுகிறோம். அதனால் பொறுமை மிகும் என்று நாம் எண்ணியது பொய்த்தது. சீட்டெண் ஒன்றிருக்க, ‘எங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகிறாரே’ என்று ஒரு குடும்பத்தார் முறையிட்டனர். நம் இளையோரோ முன்னே நின்ற முதிய தம்பதியரை நெருக்கித் தள்ளினர். உப்பனாற்றங்கரையில் நம் அங்கிக்கு இடம்விட்ட அப்பெண்மணி நினைவுக்கு வந்தார். நம் கூட்டத்தை வரிசையின் கடைசிக்கு அனுப்பினோம். முணுமுணுப்பு எழுந்தது. முக்கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தோம்.

துடுப்புப் படகில் ஏறிக் குறுகிய கால்வாய்களுக்குள் நுழைந்தபோது, படகோட்டி நமக்கொரு பாடம் கற்பித்தார். இயந்திரப் படகுகள் அகன்ற நீர்ப்பரப்போடு நின்றுவிடுகின்றன. மரக்கிளைகள் கூரையாய்க் கவிந்த இடுக்குகளில் துடுப்புக்கே இடம். எதிரே ஒரு படகு வர, நம்மவர் வேர்களோரமாக ஒதுங்கி, தம் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டார். அவரும் அவ்வாறே செய்தார். இரு படகுகளும் ஒரு சாண் இடைவெளியில் ஓசையின்றிக் கடந்தன. பின்னர் ஒரு திருப்பத்தில் அவர் துடுப்பை நிறுத்தி, நம் இளையோரைக் கையமர்த்தினார். கழுத்தளவு நீரில் இருளர் குடும்பம் ஒன்று இறால் தடவிக்கொண்டிருந்தது. பின்னப்பட்ட பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது அம்மக்கள் வழக்கம். “நாம அலை எழுப்பினா இறால் ஓடிடும். அவங்க சோறு ஓடிடும்” என்றார் படகோட்டி. அதுவரை பாட்டும் கூச்சலுமாய் வந்த இளையோர், அக்குடும்பத்தைக் கடக்கும் வரை மூச்சும் விடவில்லை.

செல்வ நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பத்தார் தம் படகை மகிழுந்தின் பின்னே இழுத்து வந்து, நீருக்குள் இறங்கும் பொதுச் சரிவுத்தளத்தில் இறக்குகிறார்கள். விடுமுறை நாளில் அங்கும் வசைமொழிக்குக் குறைவில்லை. அவர்கள் கண்ட நெறிகள் நம் பெரியவர் சொன்னவற்றுக்கு உடன்பிறந்தவை: உணவுப் பெட்டியும் கயிறும் ஏற்றும் வேலையைச் சரிவுக்கு வருமுன் ஒதுக்கிடத்தில் முடித்துக்கொள், இறக்கியதும் இடத்தை விட்டு நகர், இரவில் முன்விளக்கை அணை, ஏனெனில் பின்னோக்கி வருபவனின் கண் கூசும். பெருங்கப்பல்களுக்கும் 1972இல் பன்னாட்டு விதிகள் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் உள்ளன. நேருக்கு நேர் வரும் இரு இயந்திரக் கப்பல்கள் ஒன்று மட்டும் விலகுவதில்லை. இரண்டும் வலப்புறம் ஒதுங்க வேண்டும். பொதுவாக இயந்திரக் கலம் பாய்மரக் கலத்துக்கு வழிவிட வேண்டும். எளிதில் திரும்பவல்லவன், திரும்ப இயலாதவனுக்கு விட்டுக்கொடுப்பதே இவ்விதிகளின் உயிர்நாடி.

மாலையில் இளையோரை அனுப்பிவிட்டு, நம் பையை எடுக்க முதுநகர் திரும்பினோம். புகைவண்டிக்கு நேரமிருந்தது, கால்கள் தாமாகவே துறைக்கு நடந்தன. இருட்டிவிட்டிருந்தது. படகுகள் காலையினும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. அப்போது ஆற்றின் நடுவிலிருந்து ஒரு குரல்: “வழி விடுங்க! நெஞ்சுவலி! ஆள் மயக்கமா இருக்காரு!”

சிறு படகொன்று தத்தளித்தவாறு வந்தது. கரைக்கு வர வழியில்லை. காலையில் கை ஓங்கிய அதே உரிமையாளர்தாம் முதலில் குதித்தார். தம் படகில் கிடந்த பலகையை எடுத்து அடுத்த படகின் மேல் போட்டார். அவ்விளைஞர் அதைப் பற்றி அப்பால் நீட்டினார். யாரும் யாரையும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தோம்: ஏழு படகுகள். ஏழின் மேலும் பலகை விழுந்தது. நோயாளியை ஒரு வலைத்துண்டில் கிடத்திக் கைமாற்றிக் கைமாற்றி, நிலம் தொடாமல் கரையேற்றினார்கள். வலைகளின் மேல் மிதித்தனர். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாமும் உடன் சென்றோம்; புகைவண்டி நம்மை விட்டுவிட்டுப் போயிற்று.

கெனேசரேத்து ஏரியில் வலை கிழியுமளவு மீன் அகப்பட்டபோது, இராயப்பர் மறு படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்ததை நற்செய்தியில் வாசிக்கிறோம். மீன் அகப்பட்ட வேளையில் அடுத்த படகை அழைப்பது அரிது. ஆபத்து வேளையில் அழைப்பது நம் மக்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஆபத்தில் காட்டும் அந்த முறையை அன்றாடத்தில் காட்டுவதுதான் கடினம் போலும்!

அந்நோயாளி பிழைத்துக்கொண்டார் என்று நண்பர் தொலைபேசியில் தெரிவித்தார். ‘அவ்விருவரும் இனி நண்பர்களாகிவிட்டிருப்பார்களே?’ என்று ஆவலோடு வினவினோம். நண்பர் நகைத்தார். மூன்றாம் நாளே அதே தறியில், அதே கயிற்றுக்காக, அவர்கள் மீண்டும் வாய்ச்சண்டையிட்டார்களாம். ஆனால் இம்முறை கை ஓங்கவில்லையாம். இளைஞர் முனகிக்கொண்டே தம் வளையத்தைக் கழற்றி, மாமனுடைய வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்து மாட்டினாராம்.

அவ்வளவுதான். அவ்வளவே போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. அடுத்த ஞாயிறு கோவில் வளாகத்தில் வண்டியை நிறுத்தும்போதும், நியாயவிலைக் கடையின் வரிசையில் நிற்கும்போதும், அண்டை வீட்டாரோடு பொதுச் சுவரைப் பற்றிப் பேசும்போதும், நமக்கு முன்னவருடைய வளையத்தின் மேல் நம் கயிறு கிடக்கிறதா என்று வாசக அன்பர்கள் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்களாக. நாமும் பார்த்துக்கொள்கிறோம்.